கிலோ கூலியும் நாற்பது பக்க நோட்டும்

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துத் தொழில். ஆண், பெண் சேர்த்து 14 பேர் வேலை செய்கிறார்கள். மாதச் சம்பளம் கிடையாது. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி, சனிக்கிழமை கணக்கு. பற்றவைக்கும் வேலை செய்த ஒருவர் 60,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தார். போன மாதம் நின்றுவிட்டார். கடைசி மூன்று வாரக் கூலியை முன்பணத்தில் கழித்துக்கொண்டேன். இப்போது ‘குறைந்தபட்சக் கூலிகூடத் தரவில்லை’ என்று அவர் சார்பில் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. சட்டமெல்லாம் மாறிவிட்டது, பழைய ரிஜிஸ்டர் எதுவும் வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் படித்தேன். கூலியைப் பல படிகளாகப் பிரித்துக் காட்டினால் நல்லது என்கிறார் ஆடிட்டர். என்னைப் போன்ற சின்ன முதலாளி இதையெல்லாம் எப்படித்தான் தெரிந்துகொள்வது? கணக்கு நோட்டின் ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: உங்கள் கடிதத்தைவிட அந்தப் போட்டோவைத்தான் அதிக நேரம் பார்த்தேன். ஒரு பெயர், எதிரே 2.350 என்று எடை, அடுத்து ஒரு தொகை, ஓரத்தில் ‘மு.ப. 1,000’, அதைச் சுற்றி ஒரு வட்டம். உங்களுக்கு அது சுத்தமான கணக்கு. எனக்கு அதில் தெரியாதது, அவர் அந்த வாரம் எத்தனை நாள் வந்தார், எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார் என்பது. வாங்கியவர் கையெழுத்தும் இல்லை. நோட்டீஸ் அனுப்பியவருக்கு இதைவிட வசதியான பக்கம் கிடைக்காது. கூலி தரவில்லை, குறைத்துத் தந்தார் என்று தொழிலாளி கேட்டால், தந்ததை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு முதலாளியுடையது. ஊதியச் சட்டத் தொகுப்பே அப்படித்தான் சொல்கிறது.

‘எல்லாம் மாறிவிட்டது’ என்பது பாதி உண்மை. 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் மற்ற மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. 1948 குறைந்தபட்ச ஊதியச் சட்டம், ஊதியப் பட்டுவாடாச் சட்டம், போனஸ் சட்டம், சம ஊதியச் சட்டம் நான்கும் ஊதியத் தொகுப்புக்குள் போய்விட்டன. ஆனால் பழைய சட்டங்களின்படி வந்த விதிகளும் அறிவிப்புகளும், புதியவை வரும்வரை, முரண்படாத அளவுக்கு உயிரோடுதான் இருக்கும். ரிஜிஸ்டரைக் கிழித்துப் போடச் சொன்னவர் நாளை உங்களோடு ஆய்வாளர் முன்னால் வந்து நிற்க மாட்டார்.

சரி, கிலோ கூலிக்கு வருவோம். கிலோ கணக்கில் கூலி கொடுப்பது தவறில்லை. ஆனால் அந்த வேலைக்கு நேரக் கணக்கில் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்திருந்தால், எடைபோட்டு வரும் தொகை அதற்குக் கீழே போகக் கூடாது. முன்பு 1948 சட்டத்தின் அட்டவணையில் உள்ள தொழிலுக்கு மட்டும் என்றிருந்த பாதுகாப்பு இப்போது எல்லாத் தொழிலாளருக்கும். அதோடு இன்னொன்று. வெள்ளி விலை ஏறி ஆர்டர் குறையும்போது காலையில் வந்துவிட்டுக் கம்பி வராமல் சும்மா உட்கார்ந்திருப்பார்களே, அந்த நாள் யார் கணக்கில்? அவர் வேலைக்குத் தயாராக வந்து, நீங்கள் வேலை கொடுக்க முடியவில்லை என்றால், முழு நாள் கூலி கேட்க அவருக்கு உரிமை உண்டு. உங்கள் நோட்டில் அந்த நாளுக்கு எடையே இல்லை, அதனால் நாளும் இல்லை. வழக்கு இங்கேதான் பிடிக்கும். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23வது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982இலேயே சொல்லிவிட்டது. முதலாளிமார் இந்தத் தீர்ப்பைக் கேள்விப்படுவது பெரும்பாலும் நோட்டீஸ் வந்த பிறகுதான்.

முன்பணத்தைக் கூலியில் பிடிக்கலாம். ஆனால் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஒரு கூலிக் காலத்தின் (உங்கள் பட்டறையில் ஒரு வாரம்) ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மூன்று வாரக் கூலியை மொத்தமாகப் பிடித்தது தவறு. வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கு முடித்துத் தர வேண்டும் என்பதும் இப்போதைய சட்டம். மீதி முன்பணத்தைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள், தேவைப்பட்டால் சிவில் வழக்குப் போடுங்கள். ‘கடனை அடைத்துவிட்டு வேறு பட்டறைக்குப் போ’ என்று மட்டும் யார் வாயாலும் சொல்ல விடாதீர்கள். அந்தப் பேச்சு 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். அதில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

ஆடிட்டரைக் குறை சொல்ல மாட்டேன், வரி அவர் பாடம். ஆனால் இந்த யோசனை பழசு. ஒருவருக்கு மாதம் 18,000 தருகிறீர்கள், 6,000 அடிப்படை, 12,000 பல படிகள் என்று வையுங்கள். சட்டம் ஊதியத்தில் சேர்க்காமல் விடும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை மறுபடி ஊதியத்திலேயே சேரும். இங்கே பாதி 9,000. மிச்சம் 3,000 திரும்பி வந்து ஊதியம் 9,000 ஆகிவிடும். பஞ்சப்படி வேறு முதலிலிருந்தே ஊதியத்தின் பகுதிதான். 14 பேர் என்பதால் பி.எஃப். கட்டாயமில்லை, அதற்கு 20 பேர். இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக் கணக்கு 10 பேரில் தொடங்குகிறது. 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு ஊதியத்தில் நீங்கள் 3.25 சதவீதம், அவர்கள் 0.75 சதவீதம் கட்ட வேண்டும். இதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. பதிவு இல்லையென்றால் இந்த வாரமே செய்யுங்கள்.

எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டீர்கள். ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் சட்ட ஆலோசனைக்கு என்னிடம் வருவார். அங்கேயும் பழம் பறிப்பது கிலோ கணக்குத்தான். குறைந்தபட்சக் கூலியில் சேரும் பஞ்சப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாறும். முந்தைய ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான சென்னை விலைவாசிக் குறியீட்டின் சராசரியை வைத்துத் தொழிலாளர் துறை அறிவிக்கும். அந்தத் தாளை அவர் எடைத் தராசுக்கு மேலே ஒட்டிவிடுவார். பறிப்பவர்களே படித்துப் பார்த்து, குறைந்தால் கேட்பார்கள். எனக்குத் தெரிந்து அவருக்கு இதுவரை ஒரு நோட்டீஸ் வந்ததில்லை. நீங்களும் ஏப்ரல் மாதம் ஒருமுறை தொழிலாளர் துறை இணையதளத்தைப் பாருங்கள், இல்லை சேலத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கே போய், உங்கள் தொழிலுக்கு, ஒவ்வொரு வேலைக்கும் என்ன கூலி என்று கேளுங்கள். அடிப்படைக் கூலியையும் அரசு ஐந்து ஆண்டுக்கு மிகாத இடைவெளியில் திருத்த வேண்டும், அதையும் அப்போதே விசாரித்துவிடலாம். பட்டறையில் தினமும் வந்த நேரம், போன நேரம், எடை, கூலி, பிடித்தம், கையெழுத்து. கூலிச் சீட்டு ஒன்று கையில் கொடுங்கள், 14 பேருக்கும் நியமனக் கடிதமும் கொடுத்துவிடுங்கள். தீபாவளிக்கு முன்னால் வழக்கமான நேரத்துக்கு மேலும் ராத்திரி வேலை நடக்குமே, அந்த அதிகப்படி நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி.

நோட்டீஸுக்கு இப்படிச் செய்யுங்கள். அவர் வந்த நாட்களை போன் மெசேஜ், மற்றவர்கள் ஞாபகம் எதை வைத்தாவது எண்ணி, குறைந்தபட்சக் கூலியோடு ஒப்பிட்டுக் குறை இருந்தால் அதையும், பிடித்த மூன்று வாரத்தில் பாதியையும் அவர் வங்கிக் கணக்கில் போடுங்கள். பிறகு ரசீதோடு பதில் அனுப்புங்கள். கோரிக்கை மனு போட அவருக்கு மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது, இழப்பீடு, தர வேண்டியது என்று தீர்மானிக்கப்படும் தொகையின் பத்து மடங்கு வரை போகலாம். அப்புறம், அந்த நோட்டு. புதிதாக எழுதி அழகாக்க வேண்டாம், பழைய பக்கங்களில் இன்று கையெழுத்து வாங்கவும் வேண்டாம். இருக்கிறபடியே எடுத்துக்கொண்டு உங்கள் வக்கீலிடம் போங்கள்.