மீட்டிங் செயலி செய்யப் போகிறீர்களா? முதலில் "செஞ்சிடலாம்" என்பதை நிறுத்த வழி பாருங்கள்

கேள்வி: "எங்கள் அலுவலகத்தில் தினமும் மீட்டிங் நடக்கிறது, ஆனால் ஒன்றும் நகரவில்லை. மீட்டிங்கைப் பயனுள்ளதாக்க ஒரு செயலி வடிவமைக்கும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். என்னென்ன வசதிகள் வைப்பது?"

இதே வேலையை 2024-இல் என்னிடமும் கொடுத்தார்கள். அதனால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை. உங்களுக்குக் கொஞ்சம் கணினி தெரியும் என்பதால் இது உங்கள் தலையில் விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். அஜெண்டா, டைமர், மினிட்ஸ், நினைவூட்டல் என்று மனசுக்குள் ஒரு பட்டியலும் போட்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

எனக்கு ஊர் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். வேலை புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், அட்டைப் பெட்டி செய்யும் ஒரு கம்பெனியில். படித்தது பி.காம். ஸ்டோர்ஸில் சேர்ந்தேன், எக்செல் நன்றாக வரும் என்பதால் தினசரி ரிப்போர்ட்டும் என்னிடம் வந்தது, அதன் வழியாக மீட்டிங்கும் வந்தது. ஐடி கம்பெனியில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு, இதற்கெல்லாம் ஆயிரம் மென்பொருள் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கட்டும். கையில் கிரீஸோடு வருகிறவரும் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்காருகிற இடத்துக்காகத்தான் நான் எழுதுகிறேன்.

கூகுள் ஃபார்ம், ஷீட், ஷீட்டுக்குள் சின்ன நிரல் எழுத உதவும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட், இந்த மூன்றை வைத்துத்தான் முதல் பதிப்பைச் செய்தேன். காலை 9:15 மீட்டிங்கில் சுவரில் இருக்கும் டிவியில் பேசுகிறவர் பெயரும் மூன்று நிமிடக் கடிகாரமும் ஓடும், நேரம் தாண்டினால் திரை சிவப்பாகும். ஐம்பது நிமிடம் இழுத்துக்கொண்டிருந்த மீட்டிங் இரண்டே வாரத்தில் இருபத்தைந்து நிமிடத்துக்கு வந்தது. எல்லோரும் பாராட்டினார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது, மறைக்கவில்லை.

எங்களிடம் மெயின்டனன்ஸ் பார்க்கும் ஃபிட்டர் அண்ணன் ஒருவர் இருக்கிறார். இருபது வருடத்துக்கு மேல் அந்த மெஷின்களோடு இருப்பவர். அவர் நேராக விஷயத்துக்கு வர மாட்டார். ராத்திரி ஷிஃப்டில் யார் இருந்தது, எந்த ஜிஎஸ்எம் (எடை அளவு) பேப்பர் ஓடியது, கோந்து எப்படி இருந்தது என்று சுற்றி வந்துதான் சொல்வார். அந்தச் சுற்றில்தான் விஷயமே இருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது திரை சிவப்பானது. "சரி விடுங்க, அப்புறம் சொல்றேன்" என்று உட்கார்ந்துவிட்டார். நான்காம் நாள், பேப்பரில் நெளிவு போட்டு ஒட்டும் சிங்கிள் ஃபேசர் மெஷினில் மேல் ரோலின் பேரிங் பிடித்துக்கொண்டது. ஒன்றரை நாள் மெஷின் நின்றது. அவர் அன்றைக்குச் சொல்ல வந்தது அந்த ரோல் பக்கம் வந்த சத்தத்தைத்தான்.

யாரும் என்னைத் திட்டவில்லை. அவர் மட்டும் சாயங்காலம் டீ குடிக்கும்போது சொன்னார்: "சொல்லத்தான் வந்தேன்மா. அது சிவப்பாச்சு, எல்லாரும் என் மூஞ்சியையே பார்த்தாங்க."

அன்றைக்கே டைமரை எடுத்துவிட்டேன். மீட்டிங் நீள்கிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். பேசும் நேரத்தை வெட்டாமல், பேச்சில் பாதியை மீட்டிங்குக்கு முன்னாலேயே வாங்கிவிடுங்கள். எங்களிடம் எல்லோரும் காலை 8:45-க்குள் வாட்ஸப்பில் குரல் செய்தி அனுப்ப வேண்டும், எவ்வளவு நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. நான் கேட்டு ஆளுக்கு இரண்டு வரியாகத் தமிழில் எழுதித் திரையில் போடுவேன். முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் அதைப் படிப்பார்கள். இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமேசானில் 2004-இல் ஜெஃப் பெசோஸ் பவர்பாயிண்டை நிறுத்திவிட்டு, எழுதிய குறிப்பை மீட்டிங் தொடக்கத்தில் எல்லோரும் மௌனமாகப் படிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். அங்கே ஆறு பக்கம், எங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு வரி.

இவ்வளவும் சின்ன விஷயம். எனக்கு நிஜமாகப் புரிந்தது ஃபெஞ்சல் புயலின்போது.

2024 நவம்பர் 29, வெள்ளிக்கிழமை மீட்டிங். புயல் வருவது எல்லோருக்கும் தெரியும். கோடவுனில் க்ராஃப்ட் பேப்பர் ரீல்கள் தரையில் நின்றுகொண்டிருந்தன. ஒரு ரீலே பல நூறு கிலோ, ஃபோர்க்லிஃப்ட் இல்லாமல் நகர்த்த முடியாது. "ரீல் எல்லாத்தையும் பேலட் மேல ஏத்திடலாம் சார்" என்று ஒருவர் சொன்னார். பேலட் என்பது சரக்கைத் தரையில் படாமல் தூக்கி வைக்கும் பலகைத் தட்டு. "ஆமா, ஏத்திடலாம்" என்று நாலு பேர் சொன்னார்கள். மேலாளர் தலையாட்டினார். மினிட்ஸ் எழுதியது நான்.

சனிக்கிழமை ராத்திரி புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கும் மேல் மழை. அதற்கு அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரே தத்தளித்தது, நான் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்த வாரம் பாதி போய்விட்டது. கோடவுனில் பதினான்கு ரீல்கள் அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி உப்பிப் போயிருந்தன. பேப்பர் ரீல் தண்ணீரில் நின்றால் ஈரம் அடி விளிம்போடு நிற்காது, மேலே ஏறிக்கொண்டே இருக்கும். அப்படி ஊறியதை மெஷினில் ஓட்ட முடியாது, கழிவு விலைக்குத்தான் போகும்.

யார் ஏற்றியிருக்க வேண்டும் என்று சண்டை வந்தது. ஃபோர்க்லிஃப்ட் புரொடக்‌ஷனிடம் இருக்கிறது, அதனால் அவர்கள் என்று ஸ்டோர்ஸ் சொன்னது. ரீல் ஸ்டோர்ஸ் கணக்கில் இருக்கிறது, அதனால் இவர்கள் என்று புரொடக்‌ஷன் சொன்னது. நானும் ஸ்டோர்ஸ்தான். மினிட்ஸைத் திறந்து பார்த்தேன். "ரீல்களை பேலட் மேல் ஏற்றிவிடலாம் என முடிவு செய்யப்பட்டது." என் கையால் எழுதியது. அதில் ஒரு ஆள் கூட இல்லை.

அதற்குப் பிறகு பழைய மினிட்ஸ் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். செஞ்சிடலாம், பார்த்துக்கலாம், பேசிடலாம், வாங்கிடலாம். எழுத்தில் வரும்போது செய்யப்படும், கவனிக்கப்படும், முடிவு செய்யப்பட்டது. தமிழில் இந்த "லாம்" வந்துவிட்டால் யார் என்பதே வாக்கியத்தில் தேவைப்படாது. சொல்கிறவர் பொய் சொல்லவில்லை, மனசார வேலை நடக்க வேண்டும் என்றுதான் சொல்கிறார். கேட்கிறவருக்கும் வேலை பாதி முடிந்த மாதிரி நிம்மதி வந்துவிடுகிறது. "ஏத்திடறேன்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும், ரீல் பிழைத்திருக்கும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில், செயலியின் மையத்தில் இந்த ஒரு வரி இருக்கட்டும். என்ன, யார், எந்தத் தேதி, முடிந்ததா: நான்கு கட்டம். "யார்" கட்டத்தில் ஒரே ஒரு பெயர். துறை பெயர் போட முடியாதபடி, இரண்டு பெயர் சேர்க்க முடியாதபடி செய்யுங்கள், பட்டியலிலிருந்து ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்க முடிய வேண்டும். 2025 ஜனவரியில் நான் செய்த இரண்டாம் பதிப்பில் "என்ன" கட்டத்தில் "லாம்" என்றோ "ப்படும்" என்றோ முடிகிற வரியைப் போட்டால் சேமிக்காது. ஆப்ஸ் ஸ்கிரிப்டில் சில வரிகளில் முடிகிற வேலை. தமிழைத் தட்டச்சு செய்யத் தெரியாதவர் ஃபோன் விசைப்பலகையில் மைக்கை அழுத்திச் சொன்னால் போதும், சின்ன வாக்கியம் என்பதால் பெரும்பாலும் சரியாகவே வரும்.

எழுந்திருப்பதற்கு முன்னால் அவரவர் வரியை அவரவரே வாய்விட்டுப் படிக்க வேண்டும். "புதன்கிழமைக்குள்ள கம்ப்ரஸர் பெல்ட் நான் மாத்திடறேன்." நான் படித்துக் காட்டினால் தலையாட்டுவார்கள், அவர்களே படிக்கும்போதுதான் "இல்ல, புதன் ஆகாது, வெள்ளி போடுங்க" என்று வரும். அடுத்த நாள் மீட்டிங் முடியாத வரிகளிலிருந்து மட்டும்தான் தொடங்கும்.

இதற்கு எதற்குச் செயலி, ஒரு நோட்டு போதுமே என்று சிலர் சொல்வார்கள். போதும்தான். ஆனால் ஒரு வரி எத்தனை முறை தள்ளிப்போனது, ஏன் தள்ளிப்போனது என்று நோட்டு காட்டாது. மூன்று முறை தேதி மாறினால் காரணம் கேட்கும்படி வைத்தேன்: ஆள் இல்லை, பொருள் வரவில்லை, அனுமதி வரவில்லை. இரண்டு மாதத்தில் தெரிந்தது, தள்ளிப்போனவற்றில் பெரும்பகுதி ஒரே மேஜையில் பர்ச்சேஸ் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது. மீட்டிங்கில் "ஏன் இன்னும் முடியலை" என்று ஃபிட்டர் அண்ணனைக் கேட்பவரும் அந்த மேஜைக்காரர்தான். அந்தக் காரணக் கட்டத்தை எடுத்துவிடச் சொன்னார்கள். நான் எடுக்கவில்லை, இன்னொருவரை வைத்து எடுத்தார்கள். இதை யார் மேலும் கோபத்தில் எழுதவில்லை. நீங்கள் ஒரு வரி கோட் எழுதுவதற்கு முன்னால், உங்கள் தலைமையில் இருப்பவர் தன் பெயரையும் அந்த "யார்" கட்டத்தில் போட விடுவாரா என்று கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் செயலி கீழே இருப்பவர்களை மட்டும்தான் துரத்தும்.

மீட்டிங் செலவை ரூபாயில் காட்டும் வசதி வைக்க யாராவது சொல்வார்கள். ஆன்லைன் கடைகளுக்கு மென்பொருள் தரும் ஷாப்பிஃபை நிறுவனம் 2023-இல் தன் ஊழியர்களின் காலண்டரில் அப்படி ஒரு கணக்கைக் கொண்டுவந்தது. அங்கே சரியாக இருக்கும். பத்துப் பேர் உட்காரும் இடத்தில், ஒருவர் சம்பளம் இன்னொருவருக்குத் தெரியக்கூடாத இடத்தில் வேண்டாம்.

முழுவதையும் ஒலிப்பதிவு செய்து தானாக மினிட்ஸ் எழுதும் செயலி ஒன்றையும் பிறகு வெளியிலிருந்து வாங்கினார்கள். மாதச் சந்தா. பாதி தமிழ், பாதி ஆங்கிலம், பின்னணியில் மெஷின் சத்தம்: அது எழுதித் தந்ததை யாராலும் படிக்க முடியவில்லை. அதை விடப் பெரிய கஷ்டம், பதிவு ஆகிறது என்று தெரிந்ததும் ஷாப் ஃப்ளோர் ஆட்கள் வாயே திறப்பதில்லை.

அப்புறம் எந்தச் செயலியாலும் தீராத ஒன்று, மீட்டிங் வைக்கும் நேரம். வாராந்திர ரிவ்யூவைச் சாயங்காலம் 5:30-க்கு மாற்றினார்கள், அது ஏழு மணி வரை போகும். உள்ளூர்க்காரர்கள் பத்து நிமிடத்தில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் பஸ் ஸ்டாண்டு வந்து, மரப்பாலம் நெரிசலில் நின்று, அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில் என்று வீடு சேர ஒன்பது ஆகும். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இருபது சொச்சம் கிலோமீட்டர், நேர் ரயில் பாதை இல்லை, ரயிலில் போவதென்றால் விழுப்புரம் சுற்ற வேண்டும். இரண்டு ஊருக்கும் தினமும் போய்வருகிறவர்கள் எவ்வளவு பேர், அந்த நேர் பாதையைப் பற்றி எவ்வளவு காலமாகப் பேசுகிறார்கள்! அதுவும் "போட்டுடலாம்" கணக்கில்தான் இருக்கிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் மீட்டிங் நேரத்தைப் போடும் திரையில் யார் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்பதையும் காட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆட்களை அழைக்கிறவர் அதைப் பார்த்துவிட்டு அழைக்கட்டும்.

என் ஷீட் இப்போது கம்பெனி மீட்டிங்கில் இல்லை. ஸ்டோர்ஸும் மெயின்டனன்ஸும் மட்டும் வைத்திருக்கிறோம், ஆறு பேர். ஃபிட்டர் அண்ணன் இன்றைக்குக் காலையும் நாலரை நிமிடக் குரல் செய்தி அனுப்பினார். பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் ஃபீட் பம்ப்பில் கிளாண்ட் கசிவு, அதை அடைக்கும் பேக்கிங் கயிறு ஸ்டாக்கில் இல்லை. "யார்" கட்டத்தில் என் பெயர், தேதி நாளை மறுநாள்.