“மறுபடி வந்துட்டா?” – கடிதம்

வணக்கங்க அக்கா,

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். அம்மாவும் அப்பாவும் கோபி பக்கம் தோட்டத்தில் இருக்கிறார்கள். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து ஆபரேஷன், கீமோ, கரண்ட் வைத்தது எல்லாம் முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. நோய் திரும்பாமல் இருக்க லெட்ரோசோல் மாத்திரை தினமும் உண்டு. செக்கப்புக்குப் பத்து நாள் இருக்கும்போதே பீரோவைத் திறந்து சேலைகளைப் பிரிக்க ஆரம்பித்துவிடுகிறார். இது உனக்கு, இது நங்கைக்கு. மணிக்கட்டு வலித்தால் எலும்புக்குப் போய்விட்டது என்கிறார். அப்பா மோட்டார் போடப் போவதாகச் சொல்லிக் கிணற்று மேட்டுக்குப் போய்விடுவார். ஆனால் டாக்டரிடம் மட்டும், உடம்பு முழுக்க ஸ்கேன் எடுங்கள் என்று ஒவ்வொரு தடவையும் மல்லுக்கட்டுகிறார். நான் ‘ஒன்னும் ஆகாதும்மா’ என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். அம்மாவை எப்படித் தேற்றுவது? எனக்கும் 32 ஆகிவிட்டது, அதை விடுங்கள்.

எஸ்.

அன்பு அம்மிணி,

தேற்ற வேண்டாம். என் அக்காவுக்கும் இதே நோய்தான். காங்கேயத்தில் அவள் வீட்டுத் திண்ணையில் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தோம். கையிலிருந்த காயைப் பார்த்தபடியே, ‘மறுபடி வந்துட்டா என்ன பண்றது?’ என்றாள். ‘வாயக் கழுவுக்கா’ என்றேன். அவள் அடுத்த காயை எடுத்து நுனியைக் கிள்ளினாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை என்னிடம் எடுக்கவே இல்லை. கோயமுத்தூருக்குச் செக்கப்புக்குப் போகும் பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஓர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதிருக்கிறாள். ஒரு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. இன்றைக்கும் நன்றாக இருக்கிறாள். எனக்குத்தான் அந்தத் திண்ணை மறக்கவில்லை.

அடுத்த தடவை பீரோ திறந்தால் நீயும் பக்கத்தில் உட்கார். எதை நினைத்தால் ரொம்பப் பயமாக இருக்கிறது என்று கேள். கேட்டுவிட்டுச் சும்மா இரு. சேலை மடிக்க ஒரு முனையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

மணிக்கட்டு விஷயம். லெட்ரோசோல் பலருக்கு மூட்டு வலி தரும், காலையில் விரல்கள் விறைத்துக்கொள்ளும். அதற்காகத் தானாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை மாற்றிப் பார்ப்பார். ஒரே இடத்தில் நின்று நாளுக்கு நாள் கூடுகிற எலும்பு வலி, விடாத இருமல், மூச்சு வாங்குவது, தழும்பிலோ அக்குளிலோ புதிய கட்டி, இவை இருந்தால் மட்டும் செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே போக வேண்டும்.

அப்பா மேல் உனக்குக் கோபம் இருப்பது தெரிகிறது. எனக்கு அவரை நினைத்தால் மனசு கனக்கிறது. அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் பயத்தைச் சொல்கிறார், அதுதான் அந்த ஸ்கேன். தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்குத் தடவைக்குத் தடவை ஸ்கேன் எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை. முதல் 3 வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்ப்பது, வருடத்துக்கு ஒரு மேமோகிராம் (மார்பை எடுக்கும் எக்ஸ்ரே), அதுதான் வழக்கம். இதை டாக்டரே அவரை உட்காரவைத்து நிதானமாகச் சொல்லட்டும்.

சரி, உன் கடைசி வரிக்கு வருகிறேன். ‘அதை விடுங்கள்’ என்கிறாய். விட மாட்டேன். அம்மாவுக்கு வந்திருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்படியும் அந்தப் பெண்களில் பெரும்பாலோருக்கு வருவதே இல்லை. இந்த நோய் வந்தவர்களிலேயே பரம்பரை மரபணுவால் வருவது 100-ல் 5 முதல் 10 பேருக்குத்தான். அது அப்பா வழியிலும் வரலாம். அமுச்சி வீட்டுப் பக்கம் மட்டும் விசாரித்தால் போதாது, அப்பத்தா பக்கமும் யாருக்காவது மார்பிலோ சினைப்பையிலோ வந்ததா என்று கேள். அம்மாவுக்கு எந்த வயதில் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லி, உனக்கு மேமோகிராம் எப்போதிலிருந்து என்று டாக்டரிடம் கேட்டுக்கொள். அம்மாவின் பயத்தில் பாதி உன்னைப் பற்றியதாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

அடுத்த செக்கப்புக்கு லீவு சொல்லிவிட்டு மூன்று பேரும் சேர்ந்தே போங்கள். போய் வந்து எழுது, கண்ணு.