பிடிவாதமா, வயதா? பெற்றோர் கேள்வி பதில்

கேள்வி அனுப்பிய எல்லோருக்கும் வணக்கம். பலர் குழந்தையின் வயதை எழுதவில்லை, அதனால் திரும்பக் கேட்டு வாங்கினேன். நாம் பிடிவாதம், பொய், சோம்பல் என்று பெயர் வைப்பதில் பெரும்பகுதி அந்தந்த வயதுக்கு உரியது. குணம் என்று முடிவு கட்டுவதற்கு முன் வயதைப் பார்த்துவிடுவோம்.

கேள்வி: மேடம், மகனுக்கு இரண்டரை வயது. கேட்டது கிடைக்காவிட்டால் தரையில் விழுந்து புரண்டு அழுகிறான். வெளியிடத்தில் என்றால் மானமே போகிறது. கொஞ்சினாலும் நிறுத்துவதில்லை, மிரட்டினாலும் நிறுத்துவதில்லை.

பதில்: நிறுத்த அவனால் முடியவில்லை என்பதுதான் உண்மை. ஒன்றரை வயதில் தொடங்கி மூன்று, மூன்றரை வரை இது மிகச் சாதாரணம். ஆசை பெரிதாகிவிட்டது, அதைச் சொல்லும் பேச்சு இன்னும் முழுதாக வரவில்லை, அடக்கிக்கொள்ளும் திறனோ அதற்கும் பின்னால் இருக்கிறது. பொறுத்து, யோசித்து நடக்க உதவும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர 25 வயது வரைகூட ஆகிறது. இரண்டரை வயதில் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அவன் கத்தும்போது விளக்கம் சொல்லாதீர்கள், காதில் ஏறாது. அடிபடாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். "அது வேணும், கிடைக்கலைன்னு கோபம் வருது, இல்லையா?" என்று தாழ்ந்த குரலில் ஒரு வாக்கியம் போதும். வெளியிடம் என்றால் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போய்விடுங்கள். வேடிக்கை பார்ப்பவர்களுக்காக நாம் பிள்ளை வளர்க்கவில்லை.

ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள். "இல்லை" என்று சொன்னதை அழுகைக்காக "சரி" ஆக்காதீர்கள். எப்போதோ ஒரு தடவை விட்டுக்கொடுத்தாலும் அந்த ஒரு தடவைதான் அவன் மனதில் நிற்கும். அதற்காக எல்லாவற்றுக்கும் "இல்லை" சொல்லவும் வேண்டாம். கொடுக்கலாம் என்று தோன்றினால் அழுகை தொடங்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். அப்புறம், இது எந்த நேரத்தில் வருகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். பசி, தூக்கம், களைப்பு மூன்றில் ஒன்று பெரும்பாலும் பின்னால் இருக்கும்.

நான்கு வயதுக்குப் பிறகும் குறையாவிட்டாலோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு வயது தாண்டியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தைகளுக்கும் இதையே சொல்வேன்.

கேள்வி: மகளுக்கு 14 மாதம். போன் காட்டினால்தான் வாய் திறக்கிறாள்.

பதில்: நிறுத்திவிடுங்கள். உலக சுகாதார அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி இந்த வயதுக்குத் திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை அதிகபட்சம் ஒரு மணி நேரம், குறைந்தால் இன்னும் நல்லது. திரையில் கண் இருந்தால் வயிறு நிறைந்தது குழந்தைக்கே தெரியாது. எடை சரியாக ஏறிக்கொண்டிருக்கிறது என்றால், சில நாள் குறைவாகச் சாப்பிட்டாலும் பயப்பட வேண்டாம். நீங்களும் அவளுடன் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

கேள்வி: நானும் அடி வாங்கித்தான் வளர்ந்தேன், நன்றாகத்தான் இருக்கிறேன். மகனுக்கு 7 வயது. அடிக்கவே கூடாது என்கிறார் மனைவி. பயம் இல்லாமல் ஒழுக்கம் எப்படி வரும்?

பதில்: சார், நீங்கள் நன்றாக இருப்பதற்கு அந்த அடிதான் காரணமா? அடித்தவர்கள் உங்களுக்காகச் செய்த மற்றவை எல்லாம் காரணமாக இருக்கக்கூடாதா? உங்கள் பெற்றோரைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரிந்த வழி அது.

இன்று நமக்குக் கூடுதலாகத் தெரியும். சுமார் 50 ஆண்டுகளில் 1,60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் ஒரு கட்டுரை வந்தது. பின்புறத்தில் கையால் தட்டுவது போன்ற 'சாதாரண' அடியைத்தான் அதில் பார்த்தார்கள். அந்த அடியோடு சேர்ந்து காணப்பட்டவை கூடுதல் முரட்டுத்தனம், மனநலச் சிக்கல், பெற்றோருடன் விரிசல். நல்லொழுக்கம் கூடியதாகத் தெரியவில்லை. பிள்ளைகளை அடிப்பதை முதன்முதலில் சட்டம் போட்டுத் தடுத்த நாடு ஸ்வீடன், 1979இல். அதன் பிறகு பல நாடுகள் அதே வழியில் வந்தன.

உங்கள் கவலை நியாயமானது, அதை நான் தள்ளிவிடவில்லை. அடிக்காமல் இருப்பது வேறு, கண்டிக்காமல் இருப்பது வேறு. டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் 1960களிலேயே வளர்ப்பு முறைகளை வகைப்படுத்தினார். அவருடைய ஆய்வுகளில் கட்டளை மட்டும் போடும் பெற்றோரின் பிள்ளைகளையும், எல்லாவற்றுக்கும் தலையாட்டும் பெற்றோரின் பிள்ளைகளையும்விட, பாசமும் கண்டிப்பும் சேர்ந்து கிடைத்த பிள்ளைகள் பொறுப்போடு இருந்தார்கள். தண்டனை செய்த காரியத்தோடு ஒட்டி இருக்கட்டும். சுவரில் கிறுக்கினானா, அவனே துடைக்கட்டும். பந்தை வீட்டுக்குள் அடித்தானா, அன்றைக்குப் பந்து உங்களிடம். ஏழு வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும்.

நீங்களும் மனைவியும் இதை அவன் இல்லாத நேரத்தில் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். ஒருவர் கண்டிக்கும்போது மற்றவர் அவன் எதிரிலேயே தடுத்தால் இருவர் பேச்சுக்கும் மதிப்பு இருக்காது.

கேள்வி: நான்கு வயது மகள் கண்ணெதிரே பொய் சொல்கிறாள். "நான் உடைக்கலை, பொம்மைதான் உடைச்சுது" என்கிறாள்!

பதில்: தனக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று புரிந்தால்தான் பொய்யே சொல்ல முடியும். அந்தப் புரிதல் வலுப்படும் வயது இது, வளர்ச்சி சரியாகப் போகிறது. உடைத்தது அவள்தான் என்று தெரிந்துகொண்டே "யார் உடைச்சது?" என்று கேட்காதீர்கள். "உடைஞ்சு போச்சு, வா, ரெண்டு பேரும் எடுத்து வைப்போம்" என்று சொல்லுங்கள். உண்மையைச் சொன்ன நாளில் திட்டாமல் இருந்தால் அடுத்த முறையும் சொல்வாள்.

கேள்வி: மகன் 10 வயது, நல்ல புத்திசாலி. ஆனால் கணக்கு கொஞ்சம் கடினமானால் நோட்டை மூடிவிடுகிறான்.

பதில்: "நீ புத்திசாலி" என்று வீட்டில் எத்தனை பேர் சொல்கிறீர்கள்? கிளாடியா மியூலர், கரோல் டுவெக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில் இவன் வயதுப் பிள்ளைகள்தான் இருந்தார்கள். புத்திசாலி என்று புகழப்பட்டவர்கள் கடினமான புதிர்களில் தோற்றதும் சீக்கிரம் சலித்துப்போனார்கள், பிறகு கொடுத்த எளிய புதிர்களிலும் சறுக்கினார்கள். உழைத்ததற்காகப் புகழப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள். போட்டுத் தோற்றால் புத்திசாலிப் பட்டம் போய்விடும், போடாமல் விட்டால் போகாது என்று உங்கள் மகன் நினைக்கலாம். இனிமேல் அவன் செய்ததைச் சொல்லுங்கள்: "முதல் வழி வரலைன்னதும் வேற வழி பார்த்தியே!" வெறும் "நல்லா உழைச்ச" என்பதும் போதாது. வழி தெரியாமல் முட்டிக்கொண்டிருந்தால் உட்கார்ந்து வழியைக் காட்ட வேண்டும்.

கேள்வி: மகளுக்கு 15. நள்ளிரவு வரை விழித்திருக்கிறாள், காலையில் எழுப்ப முடியவில்லை. எது கேட்டாலும் "ஒண்ணுமில்லை" என்று கதவை மூடிக்கொள்கிறாள்.

பதில்: பருவமடையும் காலத்தில் தூக்கம் வரவைக்கும் மெலடோனின் இரவில் தாமதமாகவே சுரக்கத் தொடங்குகிறது. பத்து மணிக்கு அவளுக்குத் தூக்கம் வராததில் சோம்பல் எதுவும் இல்லை. ஆனால் இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். இரவில் வீட்டில் எல்லோருடைய போன்களும் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும், உங்களுடையதும்தான். எழுந்ததும் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நிற்கச் சொல்லுங்கள். விடுமுறையில் மதியம் வரை தூங்கினால் இரவு இன்னும் தள்ளிப்போகும்.

கதவு விஷயத்துக்கு வருவோம். எதிரில் உட்காரவைத்து விசாரித்தால் எந்தப் பிள்ளையும் பேசாது. சேர்ந்து நடக்கும்போது, துணி மடிக்கும்போது பேச்சு தானாக வரும். வந்தால் உடனே அறிவுரைக்குத் தாவாதீர்கள், முழுதாகக் கேளுங்கள். தோழிகளைத் தவிர்ப்பது, பிடித்ததில்கூட நாட்டம் இல்லாதது வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாவதைப் பற்றிப் பேசினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: வேலைக் களைப்பில் ஐந்து வயது மகனிடம் கத்திவிடுகிறேன். அவன் தூங்கிய பிறகு அழுகிறேன். அவன் மனதை உடைத்துவிட்டேனா?

பதில்: இல்லை அம்மா. எட்வர்ட் டிரானிக் என்ற உளவியலாளர் 1970களில் ஒரு சோதனை செய்தார். கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய், சிறிது நேரம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருப்பார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கடைசியில் கலங்கிப்போகும். தாய் மறுபடி பேசத் தொடங்கியதும் மெல்ல மெல்ல அவரிடம் திரும்பி வரும். நல்ல உறவிலும் தாயும் பிள்ளையும் ஒத்துப்போகாத நேரம் நிறைய என்றும், விலகிய பிறகு திரும்பச் சேர்வதே உறவை வளர்க்கிறது என்றும் அவர் காட்டினார்.

ஆகவே அவன் தூங்கும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் கோபம் தணிந்ததும் அவன் உயரத்துக்குக் குனிந்து, "அம்மா கத்தினது தப்பு. உனக்குப் பயமா இருந்திருக்கும்" என்று சொல்லுங்கள். "நீ அப்படிச் செஞ்சதாலதான்" என்று பின்னால் ஒட்டாதீர்கள். கணவன் மனைவி சண்டைக்கும் இது பொருந்தும்: பிள்ளை எதிரில் சண்டை போட்டால் சமாதானத்தையும் அவன் எதிரிலேயே செய்யுங்கள். தினமும் கத்தும் நிலை என்றால் உங்கள் தூக்கத்தையும் வேலைச் சுமையையும் வீட்டில் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். அது நீங்கள் ஒருவர் மட்டும் சரிசெய்யக் கூடிய காரியமில்லை.

கேள்வி: ஆறு வயது மகன் இரவில் படுக்கையை நனைக்கிறான். தூங்கும் முன் தண்ணீரைக் குறைத்தும் பயனில்லை.

பதில்: ஐந்து, ஆறு வயதில் இது நிறையப் பிள்ளைகளுக்கு உண்டு. வேண்டுமென்றே யாரும் செய்வதில்லை. பெற்றோரில் ஒருவருக்குச் சிறு வயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். பகலில் தண்ணீர் தாராளமாகக் குடிக்கட்டும், படுக்கும் முன் ஒரு தடவை போய் வரட்டும். திட்டுவதும் மற்றவர் முன் சொல்வதும் வேண்டாம். ஆறு மாதம் நனைக்காமல் இருந்துவிட்டுத் திடீரென்று தொடங்கினாலோ, சிறுநீர் போகும்போது வலித்தாலோ, தாகம் அதிகமாக இருந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.