தவிட்டு மூட்டையில் கிடைத்த எலிக்குஞ்சை வீட்டில் வைத்துக் காப்பாற்றலாமா?

கேள்வி: மாதவரம் பால் பண்ணைக்கு அருகில் மூன்று கறவை மாடுகளும் ஆறு வெள்ளாடுகளும் வைத்திருக்கிறேன். மழை விட்ட பிறகு, நேற்று மாலை தவிட்டு மூட்டையை நகர்த்தியபோது, கிழிந்த சாக்கு நூலுக்கு நடுவே கண் திறக்காத எலிக்குஞ்சு ஒன்று தனியாகக் கிடந்தது. பத்து வயதான என் மகன் அதை எடுத்து வந்து, செருப்பு அட்டைப் பெட்டியில் பஞ்சு விரித்துப் படுக்கவைத்து, பசும்பால் புகட்டுகிறான். வீட்டில் என் நாத்தனார் ஆறு மாதக் கர்ப்பிணி. மாடுகளில் ஒன்று ஏழு மாதச் சினை. குஞ்சை வைத்திருப்பதால் ஆபத்து உண்டா?

பதில்: சகோதரி, அந்தக் குஞ்சைச் சாக்கடையில் எறியாமல் கையில் ஏந்தி வந்த உங்கள் மகனுடைய மனம் வாடாமல் இந்தச் சிக்கலைத் தீர்க்க வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனாலும் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியவர் ஒருவர் கையுறை அணிந்து சில நாட்கள் பராமரித்தால், ஓர் எலிக்குஞ்சால் பெரிய கேடு வந்துவிடாது. ஆனால் கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்குள் அதை ஓர் இரவுகூட வைத்திருக்கக் கூடாது.

வீட்டுச் சுண்டெலிகள் சுமக்கக்கூடிய வைரஸ்களில் லிம்போசைட்டிக் கோரியோமெனிஞ்சைட்டிஸ் என்ற நோயை உண்டாக்கும் வைரஸ் ஒன்று. உடல்நலமுள்ள பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் சாதாரணக் காய்ச்சல் போல வந்து போய்விடும். கர்ப்பிணிக்குத் தொற்றினால் கருவிலுள்ள குழந்தையைத் தாக்கி, கருச்சிதைவையோ, தலையில் நீர் கோத்துக்கொள்வதையோ, பார்வைக் குறைபாட்டையோ உண்டாக்கக்கூடும். தாய் எலியின் வயிற்றிலேயே குஞ்சுகளுக்கு இந்த வைரஸ் தொற்றிவிடும் என்பதும், அப்படிப் பிறந்த குஞ்சு எந்த நோய்க்குறியும் காட்டாமல் சிறுநீரிலும் எச்சிலிலும் வாழ்நாள் முழுவதும் அதை வெளியேற்றும் என்பதும்தான் கவலைக்குரியவை. பார்ப்பதற்குக் கொழுகொழுவென்று இருக்கிறது என்பதால் நோயில்லை என்று முடிவு கட்ட முடியாது. ஆகவே இதைப் படித்ததும் பெட்டியை வீட்டுக்கு வெளியே, மழையும் பூனையும் அணுகாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள். நாத்தனார் அந்தப் பெட்டியையோ, பஞ்சையோ, பால் புகட்டிய துணியையோ தொட வேண்டாம்.

அடுத்தது எலிக்காய்ச்சல். வட சென்னையில் மாடு வைத்திருக்கும் எவரும் அறிந்திருக்க வேண்டிய நோய் இது. லெப்டோஸ்பைரா என்ற நுண்ணுயிர் எலியின் சிறுநீரகத்தில் தங்கி, சிறுநீர் வழியாக வெளியேறி, ஈரமான மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். காலில் உள்ள சிறு வெடிப்பு, விரலில் உள்ள கீறல், கண், வாய் ஆகியவற்றின் வழியாக அது உடலுக்குள் நுழையும். வடகிழக்குப் பருவமழையில் தாழ்வான தெருக்களில் நீர் நிற்கும்போது வளைகள் மூழ்கி, பெருச்சாளியும் எலியும் மேட்டைத் தேடிக் கொட்டகைக்குள் ஏறுகின்றன. அங்கே உலர்ந்த தவிடும் புண்ணாக்கும் வைக்கோலும் இருந்தால் அவை திரும்பிப் போவதில்லை. எனவே, பால் மணம் மாறாத அந்தக் குஞ்சைவிட, அது கிடந்த கூடுதான் இந்த நோய்க்கு வழி. தாய் எலி நாட்கணக்கில் சிறுநீர் கழித்து ஊறிப்போன சாக்கு நூலையும், அதை ஒட்டிய தவிட்டையும் உங்கள் மகன் வெறுங்கையால் அளைந்திருக்கிறான். அவனுடைய கைகளைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவச் சொல்லி, நகக்கண்ணில் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். குஞ்சு கடித்திருந்தால், கண் திறக்காத குஞ்சுக்கு அது அரிது என்றாலும், புண்ணை ஓடும் நீரில் கழுவிவிட்டு, தடுப்பூசி தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எலிக்கடியால் வெறிநோய் வருவது மிக மிக அரிது; அதை எண்ணி அச்சப்பட வேண்டாம்.

இனிக் குஞ்சைப் பற்றிச் சொல்கிறேன். முதலில் பசும்பாலை நிறுத்துங்கள். அதைச் செரிக்க முடியாமல் குஞ்சுக்கு வயிறு கழிந்து, ஒரே நாளில் உடல் வற்றிவிடும். சுண்டெலிக் குஞ்சு பிறக்கும்போது சுமார் ஒரு கிராம் எடைதான் இருக்கும். முடியில்லாமல் இளஞ்சிவப்பாக இருந்தால் அது பிறந்து சில நாட்களே ஆகியிருக்கும். முடி படர்ந்தும் கண் மூடியே இருந்தால் ஏறக்குறைய பத்து நாள் குஞ்சு. 12 முதல் 14 நாட்களில் கண் திறக்கும். மூன்று வாரத்தில் தாய்ப்பாலை மறக்கும். முடியில்லாத குஞ்சைச் சற்றே திருப்பி, விலாவுக்குக் கீழே பாருங்கள்: மெல்லிய தோலுக்கு அடியில் அரிசிக்குருணை போல வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிந்தால், அது இரைப்பையில் உள்ள பால். மூட்டையை நகர்த்திய அன்று அந்தப் புள்ளி தெரிந்திருந்தால், தாய் அருகில்தான் இருந்தது என்று பொருள்.

ஆகவே அதைத் தாயிடமே சேர்ப்பதுதான் சிறந்த வழி. மனிதர் கை பட்டால் தாய் ஏற்காது என்பது பொதுவாக எலிக்குப் பொருந்தாது. கூட்டைக் கலைத்தால் தாய் எலி குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு இடம் மாறும். அந்த அவசரத்தில் விடுபட்ட குஞ்சாகவே இது இருக்கும். குஞ்சு எழுப்பும் குரல் நம் காதுக்கு எட்டாது, தாய்க்குக் கேட்கும். ஆனால் குளிர்ந்து விறைத்துப்போன குஞ்சால் அந்தக் குரலை எழுப்ப முடியாது. எனவே வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி, அதன் அருகில் வைத்து முதலில் சூடேற்றுங்கள். பிறகு கையுறை அணிந்து, ஒரு கொட்டாங்கச்சியில் துணித்துண்டு விரித்து, அதில் குஞ்சை வைத்து, தவிட்டு மூட்டை இருந்த இடத்திலேயே, எறும்பு இல்லை என்று பார்த்துக்கொண்டு, இன்று இரவு வைத்துவிடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

விடியும்வரை தாய் வரவில்லை என்றால், குஞ்சு பிழைப்பது கடினம் என்பதை மகனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பூனைக்குட்டிக்கான பால்மாவை வெதுவெதுப்பாகக் கரைத்து, ஓவியத் தூரிகையின் நுனியால் ஒவ்வொரு சொட்டாக, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை இரவிலும் புகட்ட வேண்டும்; அவசரப்பட்டால் பால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும்; ஒவ்வொரு முறையும் ஈரப்பஞ்சால் அடிவயிற்றைத் தடவினால்தான் அது சிறுநீர் கழிக்கும். இத்தனையும் பத்து வயதுப் பிள்ளையின் கையில் விடக்கூடிய வேலை அன்று. வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குக் கொண்டுசென்று ஒப்படைத்து, மருத்துவர் சொல்வதைக் கேட்பதே மேல்.

கொட்டகையை நாளைக் காலையிலேயே கவனியுங்கள். கூட்டை உலர்ந்த நிலையில் பெருக்க வேண்டாம். பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றி நனைத்து, சிறிது நேரம் ஊறவிட்டு, பிறகு அள்ளுங்கள். அந்த மூட்டைத் தவிடு சினை மாட்டுக்கு வேண்டாம்; வேறு மாட்டுக்கும் கொடுக்காமல் ஒழித்துவிடுங்கள். செங்குன்றம் ஆலைத் தவிடு இன்று விற்கும் விலையில் ஒரு மூட்டையைக் கொட்ட மனம் வராது என்பதை அறிவேன். இருந்தாலும் எலிக்காய்ச்சல் கிருமி தொற்றி ஏழு மாதச் சினையில் மாடு கன்று வீசினால் வரும் இழப்போடு அதை ஒப்பிட முடியாது. இனித் தீவனத்தை மூடியிட்ட டிரம்மில் வைத்து, டிரம்மைத் தரையிலிருந்து உயர்த்தி, சுவரை விட்டு விலக்கி நிறுத்துங்கள். மகன் கையால் காப்பாற்றிய குஞ்சின் தாய்க்கே மறுநாள் விஷம் வைக்கும்படி ஆகாமல் இருக்கவும் இதுவே வழி. தீனி எட்டாத இடத்தில் எலி தங்காது.

சினை மாட்டின் பால் திடீரெனக் குறைந்தாலோ, மடி தளர்ந்து பால் மஞ்சளாகவோ சிவப்பாகவோ வந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, உடனே கால்நடை மருத்துவரை அழைத்து, எலிக்காய்ச்சல் (லெப்டோ) சோதனைக்கு இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். மாதவரத்திலேயே கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகங்கள் இருப்பது உங்களுக்கு வசதி. வீட்டிலும், மகன் குஞ்சைத் தொட்ட தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அன்று முதல் 30 நாட்களுக்குள் அவனுக்கோ, நாத்தனாருக்கோ, உங்களுக்கோ காய்ச்சல், கெண்டைக்கால் தசை வலி, கண் சிவத்தல், கடும் தலைவலி ஆகியவற்றில் எது வந்தாலும், மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்காமல் மருத்துவரிடம் போய், எலிக்குஞ்சைக் கையாண்ட செய்தியை முதலில் சொல்லுங்கள்.