வலி மாத்திரையும் மலச்சிக்கலும்

வணக்கம். அப்பாவுக்கு புராஸ்டேட் புற்றுநோய், எலும்பு வரை பரவிவிட்டது. வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மார்ஃபின் 10 மி.கி. மாத்திரை கொடுத்தார்கள். பழகிவிடுமோ என்று பயந்து, அவர் வலி தாங்காமல் கத்தும்போது மட்டும் தருகிறோம். ஆறு நாளாக மலம் போகவில்லை. இசப்கோல் கலக்கிக் கொடுத்தோம். நேற்றிலிருந்து தண்ணீராகப் போகிறது. அதை நிறுத்த மாத்திரை தரலாமா?

- பெயர் வேண்டாம்

அன்புள்ள நண்பருக்கு,

தராதீர்கள். இது பெரும்பாலும் வயிற்றுப்போக்கு அல்ல. மலம் கல்லாக இறுகி ஆசனவாய்க்கு மேலே அடைத்திருக்கும். அதன் ஓரமாகத் தண்ணீர் மட்டும் கசிகிறது. அவருக்கே தெரியாமல் வேட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கறை படிகிறதா, பாருங்கள். செவிலியரை வரவழையுங்கள். கையுறை போட்டு விரலால் தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிறகு சப்போசிட்டரி (ஆசனவாய்க்குள் வைக்கும் மாத்திரை), தேவைப்பட்டால் எனிமா. வயிறு உப்பி வாந்தியும் இருந்தால் குடலே அடைபட்டிருக்கலாம். அப்போது எதுவும் கொடுக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். கால்கள் மரத்து, சிறுநீரும் வராமல் நின்றால் தண்டுவடம் அழுந்துகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இசப்கோல் இனி வேண்டாம். நிறையத் தண்ணீர் குடிப்பவருக்குத்தான் அது உதவும். குடிக்க முடியாதவரின் குடலில் களியாக நின்றுவிடும். மார்ஃபின் குடலின் அசைவையே மந்தமாக்குகிறது. அதனால் குடலைத் தூண்டும் மருந்துதான் தேவை. அடைப்பு எடுத்த பிறகு வழக்கமாக பிசகோடில் 5 மி.கி. இரண்டு மாத்திரை, தினமும் இரவில் தருவார்கள். மார்ஃபின் தொடங்கிய நாளிலேயே இதையும் தொடங்கியிருக்க வேண்டும். குமட்டலும் தூக்கமும் சில நாளில் அடங்கிவிடும். மலச்சிக்கல் மார்ஃபின் உள்ளவரை இருக்கும்.

இனி மாத்திரைக்கு வருகிறேன். வலிக்காக அளந்து கொடுக்கும் மார்ஃபினுக்கு அடிமையாவது அரிது. பயந்து தள்ளிப்போட்டதில் அப்பாதான் வலியைச் சுமந்திருக்கிறார். சாதாரண மார்ஃபின் மாத்திரை நான்கு மணி நேரம்தான் தாங்கும். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று கடிகாரம் பார்த்துக் கொடுப்பதே முறை. நடு இரவில் எழுப்பாமலிருக்க, இரவு 10 மணிக்கு இரட்டிப்பாகத் தருவதும் உண்டு. அதை மருத்துவர் சொல்லட்டும். இதுவரை எப்போதாவதுதான் கொடுத்தீர்கள் என்பதை அவரிடம் மறைக்காதீர்கள். 5 மி.கி.யில் தொடங்கச் சொல்லக்கூடும். இடையில் வலி வந்தால் அதே அளவில் ஒரு கூடுதல் டோஸ் தரலாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கூடுதலாகக் கொடுத்ததையெல்லாம் நேரத்தோடு நோட்டில் எழுதிவைத்தால்தான் அடுத்த அளவை அவரால் சரியாகக் கணிக்க முடியும்.

கை கால் வெட்டி வெட்டி இழுத்தாலோ, தட்டியும் கண் திறக்காவிட்டாலோ அடுத்த டோஸைக் கொடுக்காமல் உடனே மருத்துவரை அழையுங்கள். சிறுநீரகம் தளர்ந்தால் மருந்து உடலில் தேங்கும். புராஸ்டேட் நோயாளிகளுக்கு அந்த ஆபத்து உண்டு.

ஒரு வாரத்துக்கு மாத்திரை மிச்சமிருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். தெருமுனை மருந்துக்கடையில் மார்ஃபின் கிடைக்காது.