வாராந்திர ஊசி: குமட்டல் நிற்கும் முன்னே டோஸைக் கூட்டலாமா?

கேள்வி: என் கணவருக்கு 48 வயது, பல வருஷமாக சுகர். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். இப்போது டாக்டர், சுகரையும் எடையையும் குறைக்கும் மௌஞ்சாரோ 2.5 மி.கி. ஊசி வாரம் ஒன்று எழுதிக் கொடுத்து, மூன்று போட்டாச்சு. ஊசி போட்ட மறுநாளிலிருந்து குமட்டல், மலச்சிக்கல், சாப்பாடே இறங்கவில்லை. எடையும் பெரிதாகக் குறையவில்லை. தெரிந்தவர் ஒருவர், "2.5 வீண் செலவு, பெரிய டோஸ் குப்பியை வாங்கிப் பிரித்துப் போடுங்கள், பில் இல்லாமல் விலை குறைச்சு நானே வாங்கித் தருகிறேன்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். 2.5 மி.கி. என்பது எடையைக் குறைப்பதற்கான அளவே இல்லை, வயிறும் குடலும் மருந்துக்குப் பழகுவதற்காக முதல் 4 வாரம் கொடுப்பது, அதற்கப்புறம்தான் 5. இந்த மருந்து 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது 2.5 குப்பி 3,500 ரூபாய், 5 குப்பி 4,375 ரூபாய். கொஞ்சம் கூடக் கொடுத்தால் இரட்டிப்பு மருந்து கிடைக்கிறதே என்று யாருக்கும் தோன்றும்தான். ஆனால் அது ஒரே தடவை போடுவதற்கான குப்பி. ஊசி குத்தியபின் மீதியை ஃபிரிட்ஜில் வைத்து அடுத்த வாரம் போட்டால் கிருமி சேரலாம், அளவும் தப்பும்.

குமட்டலுக்குக் காரணம் இரைப்பை மெதுவாகக் காலியாவது. எண்ணெய்ப் பண்டம், பரோட்டா, பிரியாணியைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு, வயிறு நிறைந்ததும் நிறுத்தச் சொல்லுங்கள், தண்ணீர் நிறைய வேண்டும். தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி வந்தால் உடம்பில் நீர் வற்றி சிறுநீரகம் பாதிக்கும், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய கிளிமிபிரைடுதான் எனக்குப் பெரிய கவலை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அந்த மாத்திரை கணையத்திலிருந்து இன்சுலினை வெளியே தள்ளும். அவரோ சரியாகச் சாப்பிடுவதில்லை, கூடவே இந்த ஊசியும் சேர்ந்தால் லோ சுகர் ஆகலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீரோ குளுக்கோஸோ கொடுங்கள். மாத்திரையைக் குறைக்க வேண்டுமா என்று இன்றே டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மேல்வயிற்றில் கடுமையான வலி வந்து முதுகுக்குப் பரவினால் அது கணைய அழற்சியாக இருக்கலாம். வலது விலாவுக்குக் கீழே வலி, காய்ச்சல், கண் மஞ்சளானால் பித்தப்பை. இரண்டுக்கும் கேஸ் மாத்திரை போட்டுக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால் இந்த ஊசியே கூடாது, அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் இப்போதாவது சொல்லிவிடுங்கள்.

பில் இல்லாத சரக்கில் பணம் மட்டுமா போகும்? ஓசெம்பிக் என்ற இதே மாதிரியான ஊசியில் போலி பிடிபட்டு, 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கை விட்டது. போலி இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து வெயிலில் எவ்வளவு நேரம் கிடந்தது என்று யார் சொல்வார்கள்? கடையில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்களா என்று பாருங்கள், பேட்ச் எண் போட்ட பில் வாங்குங்கள், ஐஸ் பேக்கோடு கொண்டு வாருங்கள். வீட்டில் ஃப்ரீசரில் வைத்து உறைந்துவிட்டால் அதைப் போடக் கூடாது.

கேள்வி: எனக்கு சுகர் இல்லை, எடைக்காக மட்டும் இந்த ஊசி போடலாம் என்றிருக்கிறேன். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன். எடை குறைந்ததும் நிறுத்திவிடலாமா?

பதில்: மௌஞ்சாரோ கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைக்கக்கூடியது. ஆரம்பித்து 4 வாரமும், டோஸ் கூட்டும் ஒவ்வொரு முறையும் 4 வாரமும் ஆணுறை போன்ற வேறு பாதுகாப்பு வேண்டும். நிறுத்துவதைப் பற்றிக் கேட்டீர்கள். செமாக்ளுடைடு (ஓசெம்பிக்கில் இருக்கும் மருந்து) ஊசியை நிறுத்தியவர்களை ஓர் ஆய்வில் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. அதனால் முதல் குப்பிக்குப் பணம் கட்டும் முன்பே, எத்தனை மாதம் போட வேண்டியிருக்கும், நிறுத்தினால் என்ன செய்வது என்று டாக்டரிடம் கேட்டு, மொத்தச் செலவையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.