மழை விட்டதும் முளைத்தவை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் ஒரு வண்டி செம்மண் வாங்கிக் கொட்டி வெண்டை, கத்திரி போட்டேன். மழை விட்டதும் நான் போடாததுதான் அதிகம் வந்திருக்கிறது. ஒன்று கேரட் இலை மாதிரி, இன்னொன்று புல் மாதிரி. புல் பிடுங்கப் பிடுங்க வருகிறது. மருந்து அடித்துவிடலாமா?
- வாசகி, திருவொற்றியூர்

பதில்: மருந்து வேண்டவே வேண்டாம். கொல்லைப்புறத்தில் களைக்கொல்லி அடித்தால் காற்றில் பறந்து முதலில் வெண்டையைத்தான் கருக்கும், கடலோரக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? அநேகமாக அந்தச் செம்மண்ணோடு வந்த விதைகளாகத்தான் இருக்கும்.

கேரட் இலையும் பொட்டுப் பொட்டாக வெள்ளைப் பூவும் என்றால் பார்த்தீனியம். அமெரிக்கக் கண்டத்துச் செடி, 1955 வாக்கில் புனே பக்கம் கண்ணில் பட்டு நாடு முழுக்கப் பரவியது. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும் என்பதால் பூப்பதற்கு முன்பே, மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டுக்கொண்டு வேரோடு பிடுங்குங்கள். தோல் அரிப்பும் இழுப்பும் வரவைக்கும், வீட்டில் ஆஸ்துமா இருப்பவர்களை அந்தப் பக்கமே விடாதீர்கள். பூத்த செடியை உரக்குழியில் போட வேண்டாம். லிட்டருக்கு 200 கிராம் உப்பு கரைத்துத் தெளிக்கச் சொல்வார்கள், அது தரிசுக்குச் சரி, காய்கறி வைத்த மண்ணுக்கு ஆகாது.

புல் என்று நீங்கள் சொல்வது கோரையாக இருக்கலாம். தண்டை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள், உருளாமல் மூன்று பட்டையாகத் தட்டுப்பட்டால் கோரையேதான். இழுத்தால் மேல்பகுதி மட்டும் கையோடு வரும், கருப்பாக மணிமணியாகக் கோத்த கிழங்கு மண்ணுக்குள்ளேயே நிற்கும், மண்வெட்டியால் கொத்தினால் அறுந்த ஒவ்வொரு கிழங்கும் தனிச் செடி. ஒரு சாண் ஆழம் கிளறி, மண்ணை உதிர்த்து, கிழங்கைப் பொறுக்கியே ஆக வேண்டும். அலுப்பான வேலை. அப்புறம் அதற்கு நிழல் ஆகாது, பூசணிக் கொடியைப் படரவிட்டால் பாதி அடங்கும்.

கேள்வி: தொட்டியில் பருப்புக்கீரை மாதிரி ஒன்று தானாக முளைத்திருக்கிறது. மாமியார் கடையச் சொல்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது.
- வாசகி, வியாசர்பாடி

பதில்: தண்டை ஒடித்துப் பாருங்கள். பால் வந்தால் அம்மான் பச்சரிசி வகை, விட்டுவிடுங்கள். பால் வராமல், தண்டு சதைப்பற்றாகச் சிவந்து, மஞ்சள் பூவும் இருந்தால் மாமியார் சொன்னதுதான் சரி. தொட்டி மண் என்பதால் சொல்கிறேன். சாக்கடை ஓரத்திலோ தொழிற்சாலைப் பக்கமோ முளைத்ததைத் தொடாதீர்கள், மண்ணில் இருக்கும் ஈயம் கீரைக்குள் ஏறும்.

கேள்வி: ஒரு செடியைப் பிடுங்கினேன், தெருப் பூனை எல்லாம் வந்து அதன் வேரில் புரளுகின்றன!
- வாசகர், காசிமேடு

பதில்: குப்பைமேனி. அந்த வேர் வாசனைக்குப் பூனை மயங்கும், மீனைக் கூட மறந்துவிடும் போல. வேரை வாசலில் போடாமல் குப்பை வண்டியில் கொடுத்துவிடுங்கள், கூட்டம் கலைந்துவிடும்.